மல்லாரம் கூட்ஸ் ஷெட்டின் கூரை

1

இந்தக் கதை ஒரு காலிப் பற்பசைக் குழாயிலிருந்து வந்தது. வேறு ஏதாவது பெரிய விஷயத்திலிருந்து வந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. குழாயின் அடியைக் கத்தரியால் வெட்டி, பக்கவாட்டில் கீறி, விரித்துக் கழுவினால் ஒரு தகடு கிடைக்கும். அலுமினியம். காகிதத்தைவிடக் கொஞ்சம் கனம். விரலால் மடித்தால் மடித்தபடி நிற்கும். அதை நெளி தகரமாக்கி, இரண்டு உள்ளங்கை நீளமுள்ள ஒரு கட்டடத்துக்குக் கூரை போட வேண்டும். அவ்வளவுதான் கதை.

முதல் வாக்கியத்தை வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

"மனைவி இறந்த பிறகு உமாசங்கர் ஒரு ரயில் நிலையம் கட்டத் தொடங்கினான்."

படிப்பவர் இரக்கப்பட்டுவிடுவார். அடித்துவிட்டேன். விஷயமும் தப்பு. அவன் அதற்கு முன்பே தொடங்கிவிட்டான்.

"அந்த வருஷம் செகந்திராபாத்தில் மழை"

மழை பின்னால் வருகிறது. இப்போது வேண்டாம்.

"உமாசங்கர் அளவுகளில் நம்பிக்கை உள்ளவன்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

(உமாசங்கர் நான் இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஊர் உண்டு, வேலை உண்டு, இன்னொன்றும் உண்டு. அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அவன் வேறு ஆள்.)

2

உமாசங்கர் அளவுகளில் நம்பிக்கை உள்ளவன். உப்பல் பக்கம் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. பட்டறையிலிருந்து வரும் உதிரிப் பாகங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, சரியென்றால் பச்சைச் சாயமும் தவறென்றால் சிவப்புச் சாயமும் தொட்டு அனுப்புவான். அந்தப் பிரிவில் சேர்ந்த அன்றே சொல்லித் தரும் ஒரு வரிசை உண்டு. முதலில் பொருள், பிறகு அளவு. எஃகு என்று எழுதியிருக்கும் இடத்தில் வந்திருப்பது எஃகுதானா என்று பார்த்த பிறகே வெர்னியரைக் கையில் எடுக்க வேண்டும். தப்பான உலோகம் சரியான அளவில் இருந்து ஒரு பயனும் இல்லை.

(இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.)

அவன் மனைவி திரிபுரசுந்தரி. வீட்டில் சுந்தரி. அவள் அப்பா ஜம்புநாதன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரெட்பள்ளியில் வீடு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து தலைமுறைகள் ஆகிவிட்ட குடும்பம். தமிழ் மட்டும் இன்னும் அந்த ஊர்த் தமிழ். சுந்தரி அதோடு, காய்கறி வண்டிக்காரர்களிடம் பேசிப் பழகிய ஹைதராபாத் இந்தியையும் கலப்பாள். கணவனுக்குப் பிடிக்காது என்று தெரிந்து கூடுதலாகவே கலப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதையில் அவன் பழைய புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்துச் சாக்கு விரிப்பில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் நடுவிலிருந்து ஒரு பொம்மைச் சரக்கு வேகனை எடுத்தாள். வெளிநாட்டுச் சாமான். ஒரு பக்கம் சக்கரம் இல்லை. எஞ்சின் இல்லை, தண்டவாளம் இல்லை. ஒற்றை வேகனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எதற்கு இது என்று அவன் கேட்டான். எதற்கு என்பதற்கு அவளுடைய இந்தியில் 'கைக்கு'.

"கைக்குன்னெல்லாம் கேக்கப்படாது. இது வந்து நிக்கற ஷெட் எனக்குத் தெரியும். அதைக் கட்டித் தாங்கோ, போறும்."

சிறு வயதில் அவர்கள் மல்லாரத்தில் இருந்தார்கள். நிஜாமாபாத்துக்கு அப்பால், மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், சற்றுத் தள்ளி சரக்கு இறக்கும் கூட்ஸ் ஷெட். ஷெட்டுக்குத் தகரக் கூரை. மழை வந்தால் சுந்தரி அங்கே ஓடிப்போய்ப் புளி மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வாள். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. ரயில் வருவதுகூடக் கேட்காது. அதனால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சுவர் அதிர்ந்தால் ரயில் வருகிறது. அப்பா கொடியோடு வெளியே வருவதற்குள் எழுந்து ஓடிவிடுவாள்.

இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சமையலறைச் சுவரில் கை வைத்துக் காட்டுவாள். மழை பெய்யும் நாட்களில் படுக்கையில் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். என்ன என்று கேட்டால், ரயில் வருகிறதா பார்க்கிறேன் என்பாள்.

அவன் வேகனை அளந்தான். நிஜ வேகனில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில், அவள் சொல்லச் சொல்லக் கூட்ஸ் ஷெட்டுக்கு வரைபடம் போட்டான். அட்டையில் சுவர் வெட்டினான். தள்ளு கதவு செய்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்பாள்.

சுவர் எழும்பும்வரை அவள் இருந்தாள். கூரைக்கு இல்லை.

3

(இந்தப் பகுதி அவள் இறந்ததற்காக ஒதுக்கியது. எழுதி, எடுத்துவிட்டேன். காய்ச்சல், ஆஸ்பத்திரி, யாரோ கொண்டுவந்த ஃபிளாஸ்க். எல்லா வீட்டிலும் நடக்கிற மாதிரிதான் நடந்தது. பகுதியின் எண் மட்டும் இருக்கட்டும்.)

4

நிஜத் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே மூன்று அங்குலம். எண்பத்தேழால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கூரையின் கஷ்டம் முழுவதும் இங்கேதான். கட்டடம் சின்னதாக இருப்பதைக் கண் மன்னித்துவிடும். நெளிவு பெரிதாக இருப்பதை மன்னிக்காது. நெளிவு பெரிதானால் அந்தக் கணமே அது பொம்மை.

பல்பு சுற்றி வரும் நெளி அட்டையை முதலில் ஒட்டிப் பார்த்தான். கூரையில் ஒவ்வொரு மேடும் கடப்பாரைத் தடிமனுக்கு எழுந்து நின்றது. கிழித்தான். மெல்லிய அட்டையில் ஊசியால் கோடு கோடாகக் கீறிப் பார்த்தான். கோடு விழுந்தது, அலை எழவில்லை. வெயில் படும்போது ஒரு மேட்டின் நிழல் அடுத்த பள்ளத்தில் விழ வேண்டும். நிழல் இல்லாவிட்டால் அது தகரம் இல்லை, கோடு போட்ட தாள். ஆபிட்ஸில் வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், இதற்கென்றே அச்சடித்த தகடுகள் தயாராகக் கிடைப்பதாக விளம்பரம் இருந்தது. விலாசம் இங்கிலாந்து. அந்தப் பக்கத்தை மூடினான்.

அப்போதுதான் பற்பசைக் குழாய். அதை எதன்மேல் வைத்து அழுத்தினால் அலை எழும் என்பது மட்டுமே பாக்கி.

(இந்தக் கதையில் சிரிக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. பழனிசாமியைக் கொண்டுவருகிறேன். அவர் வராமல் இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன்.)

பழனிசாமி டூல் ரூமில் இருப்பவர். பொள்ளாச்சிக்காரர். உமாசங்கரின் மேஜை இழுப்பறையில் காலிக் குழாய்கள் சேர்வதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க சங்கரு, ஊருல எல்லாரும் பேஸ்ட்ட எடுத்துட்டுக் குழாய வீசறாங்க. நீங்க என்னமோ குழாய எடுத்துட்டுப் பேஸ்ட்ட வீசீருவீங்களாட்ட இருக்குது."

உமாசங்கர் சிரித்தான் என்று எழுதினேன். அது பொய். அவன் குழாயை உள்ளே வைத்து மூடினான். ஆனால் மறுநாளிலிருந்து அவன் மேஜையில் காலிக் குழாய்கள் வந்து விழுந்தன. கேன்டீன்காரர் ஒன்று கொடுத்தார். அக்கவுண்ட்ஸ் எலிசபெத் மேடம் தன் வீட்டுக் குழாயைக் கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவனிடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு வசதி இருந்தது.

பழனிசாமி மரை வெட்டிய கம்பி ஒன்று கொடுத்தார். மரையின் இடைவெளி ஏறக்குறைய சரி. அதன்மேல் தகட்டை வைத்து உருட்டினால் அலை அழகாக எழுந்தது. ஆனால் மரை சுற்றிச் சுற்றிப் போகிற விஷயம். அலை சாய்வாக விழுந்தது. கூரை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் அடிக்கும் மழை மாதிரி இருந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. சிவப்புச் சாயம்.

பிளேடு தேடிக் கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டபோது நான்

பிளேடு தேடிக் கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டபோது உமாசங்கருக்குப் பேன் சீப்பு கிடைத்தது. மரச் சீப்பு. இரண்டு பக்கமும் பல். கல்யாணத்தில் மாமியார் பெட்டியோடு கொடுத்தனுப்பிய சாமான்களில் ஒன்று. பல்லைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அளந்தான். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பல்லின் நீளம், எட்டடித் தகரத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இந்த மாதிரிப் பொருத்தத்தைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். சீப்பு எதுவும் நினைத்துச் செய்யவில்லை. பேன் சின்னது, அதற்கேற்ப இடைவெளி வைத்திருக்கிறார்கள்.

தகட்டைச் சீப்பின்மேல் வைத்து, ரப்பரின் கூரான ஓரத்தால் ஒவ்வொரு இடைவெளியாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் கிழியும். ஒரு ஷீட் முடிய வெகுநேரம் ஆகும். நிறைய ஷீட் வேண்டும். அவனுக்கு அது பிடித்திருந்தது.

சீப்பில் முடி இருந்தது. அதை எடுக்காமலேயே முதல் தகட்டை அழுத்திவிட்டான். பிரித்துப் பார்த்தால் அலைகளின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு. நிஜத் தகரத்தில் அப்படிக் கோடு விழாது. அவன் அந்த ஷீட்டைத் தூக்கிப் போடவில்லை. கூரையில் எந்த இடத்தில் வைத்தான் என்று நான் சொல்லப்போவதில்லை.

* துருவைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியம் துருப்பிடிக்காது. அவன் தொழிற்சாலைக் கழிவு முற்றத்தில் கிடந்த இரும்பிலிருந்து துருவைச் சுரண்டி எடுத்து, நீர்த்த கோந்தில் கலந்து, ஷீட்டின் அடி ஓரங்களில் மட்டும் தடவினான். அசல் துரு. அதற்கு அளவு கிடையாது. எண்பத்தேழில் ஒரு பங்கு ஆக்கினாலும் அதே நிறம்தான்.

5

கூரை முடிந்தது. ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஏறி, ஒன்றின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு, ஒன்று நிறம் மாறி. வெயிலில் வைத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நிஜம்.

அதைச் சரிபார்க்க ஒரு இடம்தான் இருந்தது. மல்லாரத்தில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். அந்த ஷெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் மாமனாரும் மாமியாரும்தான். சுந்தரியின் வருஷத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேச எப்படியும் மாரெட்பள்ளிக்குப் போக வேண்டும். ஷெட்டைச் செருப்புப் பெட்டியில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனான்.

ஜம்புநாதனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்தும், ஆடி போகட்டும் என்று மாமியார் அலமு தள்ளிப் போட்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆள் தெரிந்துகொள்வார்.

"என்ன மாப்ளே, லைன் கிளியர் வாங்காம உள்ள வந்துட்டேள்?"

ஜம்புநாதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எதையும் தேதி இல்லாமல் சொல்லமாட்டார். சுந்தரி பிறந்ததைச் சொன்னால், அன்றைக்கு மன்மாடு பாசஞ்சர் எவ்வளவு லேட் என்பதையும் சொல்வார். தான் முதன்முதலாகக் காப்பி குடித்த வருஷம் அவருக்குத் தெரியும். சுந்தரி இதை வைத்து அவரைக் கேலி செய்துகொண்டே இருப்பாள். உப்பு போறலைன்னு சொல்லக்கூட அப்பாவுக்கு மாசம், வருஷம் வேணும் என்பாள்.

உமாசங்கர் பெட்டியைத் திறந்து அவர் எதிரில் வைத்தான். அவர் கையை நீட்டினார். கட்டைவிரல் பிளாட்பாரத்தின் ஓரத்தைத் தொட்டு, சரிவில் இறங்கி, சுவரில் ஏறியது. தள்ளு கதவைக் கண்டுபிடித்துத் தள்ளிப் பார்த்தார். கதவு நகர்ந்தது. முகம் மலர்ந்தது. இந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகிவிடும், உதைத்துத்தான் திறக்க வேண்டும் என்றார். அது அறுபத்திரண்டில் என்றார். கை மேலே போனது. நகம் கூரையின் குறுக்கே ஓடியது. கிர்ர் என்று சின்னதாக ஒரு சத்தம்.

"இதென்ன?"

"தகரம், மாமா. கூரை."

"மல்லாரத்துலயா? ஓடு மாப்ளே அது. மங்களூர் ஓடு. அறுபத்தொண்ணு ஜூன்ல நான் சார்ஜ் எடுத்துண்டப்பவும் ஓடு. அறுபத்தாறு மார்ச்சுல விட்டுட்டு வரச்சேயும் ஓடு."

உமாசங்கர் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னான். மழை, புளி மூட்டை, சத்தத்தில் ரயில் கேட்காமல் போவது, சுவரில் கை வைத்துப் பார்ப்பது. தான் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவன் மாதிரி, ஒன்றையும் விடாமல் சொன்னான். அடுக்களையிலிருந்து அலமு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மூட்டை மேலயா? தேளும் பாம்பும் இருக்கற எடத்துல கொழந்தைய விடுவேனா நான்? மழைன்னாலே அவளுக்கு ஆகாது. இடி இடிச்சா என் பொடவைக்குள்ள வந்து சுருட்டிண்டுடுவா. கண்ணையே தொறக்கமாட்டா."

ஜம்புநாதன் சிரித்தார். "ரயில் வர்றது கேக்காதாமா? ஸ்டேஷன் மாஸ்டர் பொண்ணு பேசற பேச்சா இது?"

கொஞ்ச தூரம் சிரித்துக்கொண்டே போனார். கூடச் சிரிக்க யாரும் வரவில்லை என்று தெரிந்து நிறுத்தினார். கூரையின் மேலிருந்த விரலை எடுத்தார். எடுத்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு திவசத்துக்கு வாத்தியாரை யார் போய்ப் பார்ப்பது என்று பேசினார்கள்.

6

முதலில் பொருள், பிறகு அளவு.

அவன் எல்லாவற்றையும் அளந்தான். நெளிவை அளந்தான், ஷீட்டின் நீளத்தை அளந்தான், சரிவின் கோணத்தை அளந்தான். கூரை தகரமா என்பதை மட்டும் பார்க்கவில்லை. தினமும் செய்யும் வேலையில் இந்தத் தப்பு அவனுக்கு நேர்ந்ததே இல்லை. அங்கே பொருளைக் கொடுப்பது பட்டறை. இங்கே கொடுத்தது அவள்.

ஓட்டுக் கூரையும் செய்தான். அது சுலபம். மெல்லிய அட்டையைப் பட்டையாக வெட்டி, ஓரத்தில் ஓடு ஓடாகக் கத்தரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, செங்கல் நிறம் பூசினால் ஆயிற்று. யாருக்கும் வரும். இரண்டு கூரையையும் எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி அமைத்தான். ஓட்டுக் கூரையை வைத்தால் மல்லாரம் சரியாக இருந்தது, சுந்தரி சொன்னது விழுந்தது. தகரத்தை வைத்தால் சுந்தரி சொன்னது நின்றது, அப்படி ஒரு மல்லாரம் உலகத்தில் இல்லாமல் போனது.

(தத்ரூபம் என்கிறோம். எதற்குத் தத்ரூபம் என்று கேட்டுக்கொள்வதில்லை. நெளிவை ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்துவிட்டால் நிஜம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான். ஆட்டோவின் சத்தம், சீப்பின் பல், மாமியாரின் கை ஈரம் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டால் நடுவில் இருப்பதும் நிஜமாகிவிடும் என்று. இந்தக் கதையிலும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது.)

அவளுடைய சிறுவயதைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தவைதான். அவர்கள் சேர்ந்திருந்தது கொஞ்ச காலம். வேப்பமரம் நிஜம்தானா? அதையும் கேட்க வேண்டுமா? ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் மாமனார் கையில் கொடுத்தால், கடைசியில் எத்தனை மிஞ்சும்?

மழை என்றால் அவளுக்கு ஆகாது என்றாள் மாமியார். மழை நாட்களில் அவன் முதுகில் இருந்த உள்ளங்கையை அவன் நினைத்துப் பார்த்தான். அது குளிர்ந்திருக்கும். ரயில் பார்க்கிறேன் என்று அவள் சொல்வதற்கு அவன் தூக்கத்தில் சிரிப்பான்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். கடைசி வாக்கியம்கூட வைத்திருந்தேன். "பயந்த பெண் ஒருத்தி தனக்குப் பயமில்லாத ஒரு ஷெட்டைக் கட்டிக்கொண்டாள், அவன் அதற்குக் கூரை மட்டும் போட்டான்."

அழகான வாக்கியம். இதை நம்பியிருந்தால் உமாசங்கர் ஒருவிதமாகச் சமாதானம் ஆகியிருப்பான். அவள் சொன்னது நடக்கவில்லை, ஆனால் அவனுக்கென்று சொன்னது. தகரக் கூரையை வைத்து, ஓட்டுக் கூரையைப் பெட்டிக்குள் போட்டு மூடியிருப்பான். சில நாள் அப்படித்தான் இருந்தான்.

வாக்கியத்தை அடித்துவிட்டேன். மாமனார் வந்துவிட்டார்.

7

திவசத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு விடுமுறை நாள் காலையில், ஜம்புநாதன் தனியாக உப்பலில் உமாசங்கர் வீட்டுக்கு வந்தார். மாரெட்பள்ளியிலிருந்து பஸ். எந்த பஸ் என்று போர்டு படிக்க முடியாது. ஒவ்வொரு கண்டக்டரையும் கேட்டு, மாறி ஏறி வந்திருக்கிறார். வேட்டி ஓரத்தில் சேறு. அலமுவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

(அவர் வந்து பேசுவதை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அழுதார். ஒன்றில் கோபப்பட்டார். இரண்டுக்கும் அவர் ஒத்துவரவில்லை. இது மூன்றாவது.)

உமாசங்கர் காப்பி போட்டுக் கொடுத்தான். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஷெட் எங்கே என்று கேட்டார். எதிரில் கொண்டுவந்து வைத்தான். கூரை இல்லாமல் வைத்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. தகரத்தை அவருக்கு வலது பக்கமும் ஓட்டுக் கூரையை இடது பக்கமும் வைத்தான். அவர் தொடவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது சரியில்லை, மாப்ளே."

உமாசங்கர் அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"ஒரு தடவ பெருங்காத்து அடிச்சுது. ஷெட்டுல ஒரு பக்கம் ஓடு பூரா போயிடுத்து. இன்ஜினியரிங்காரா வந்து தகரத்தைப் போட்டுட்டுப் போனா. அப்பறம் கொஞ்ச நாள் தகரம்தான். எனக்கு மறந்துடுத்து. அலமுக்கும் ஞாபகமில்லை, அவ அந்தப் பக்கமே வரமாட்டா."

"சத்தம் இருக்குமா மாமா?"

"ஹவ், இருக்கும். மழை பேஞ்சா ரொம்ப சத்தம்." ஹவ் என்றால் ஊர் இந்தியில் ஆமாம். "ஒண்ணும் கேக்காது."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு கூரை போனது, இன்னொரு கூரை வந்தது, மழை பெய்தது. அத்தனையிலும் ஒரு வருஷம் இல்லை. ஒரு மாதம் இல்லை. எந்த ரயில் எவ்வளவு லேட் என்பது இல்லை. உப்பு போதவில்லை என்பதற்குத் தேதி சொல்கிறவர்.

உமாசங்கருக்கு அது உடனே தெரிந்தது. தனக்குத் தெரிந்துவிட்டது அவருக்குத் தெரிந்ததா என்பது தெரியவில்லை. கண்ணில் புரை விழுந்தவரின் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

எந்த வருஷம் மாமா?

ஒரு கேள்விதான். அவர் பழகிய கேள்வி. இந்தச் சுவருக்கு இதுவரை மூன்று கூரை வந்துவிட்டது. அவள் சொன்னது, அவர் முதலில் சொன்னது, இப்போது சொல்வது. ஒரு வருஷத்தைச் சொன்னால் அவர் முதலில் சொன்னது உதிர்ந்துவிடும். சொல்லாவிட்டால் மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும்.

8

முடிவுகள்.

(அ) உமாசங்கர் கேட்கிறான். ஜம்புநாதன் இமைக்காமல், அறுபத்துநாலு, ஆகஸ்டு, அன்னிக்கு அஜந்தா எக்ஸ்பிரஸ் ரொம்ப லேட் என்கிறார். தகரம் நிஜம், சத்தம் நிஜம், குழந்தை அம்மாவுக்குத் தெரியாமல் மூட்டைமேல் போய்ப் படுத்திருந்ததும் நிஜம். இருவரும் சேர்ந்து கூரையை எடுத்து வைக்கிறார்கள்.

இந்த முடிவில் ஒரே குறை, அந்த வருஷத்தை நான் போட்டேன். மாதத்தையும் நான் போட்டேன். நான் போட்ட தேதியை நானே நம்பச் சொல்வது கஷ்டம்.

(ஆ) உமாசங்கர் கேட்கிறான். ஜம்புநாதன் வாயைத் திறக்கிறார். வருஷம் வரவில்லை. மகளுக்காக, முதன்முறையாக, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல பஸ் மாறி வந்தவர் அந்த நாற்காலியில்

இதை முடிக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றேன்.

(இ) உமாசங்கர் கேட்கவில்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டு வருகிறான். இனி தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது அவள் கட்டியதா, அவர் கட்டியதா, காற்று அடித்ததா என்று தெரியாது. தனக்காக மட்டும் அவள் சொன்ன பொய் என்று வைத்துக்கொண்டிருந்ததும் அவனிடம் இல்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொடுப்பதற்காகத்தான் வந்தார்.

இதுதான் நடந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இன்னும் நடக்கவில்லை. அவர் இன்னும் கிளம்பவில்லை.

நாற்காலியில்தான் இருக்கிறார். டம்ளர் கையில் இருக்கிறது, காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. எதிரில் ஷெட், கூரை இல்லாமல். உமாசங்கரை இந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவனால் இதற்குமேல் ஆகாது. உங்களுக்கு அவர் மாமனார் இல்லை. அவர் பெண்ணை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்கலாம்.

கேட்பதானால் மெதுவாகக் கேளுங்கள். கேட்க விருப்பமில்லை என்றால் ஒரு கூரையை எடுத்து அவர் கையில் கொடுங்கள். எது என்று சொல்ல வேண்டியதில்லை. நகத்தால் பார்த்துக்கொள்வார்.

நான் சமையலறை வாசலில் நிற்கிறேன். கை சுவரில் இருக்கிறது.